பழஞ்சுவடி விற்பனைப் பண்டமா?

பழைய நூல்களும் ஏடுகளும் நிலப்படங்களும் பொன்னைப் போல விலை ஏறுவன. ஆகவே அவற்றை வாங்கி வைத்தல் நல்ல முதலீடு என்னும் கருத்துப் பொருள் படைத்தாரிடையே பரவி வருகின்றது. சேரன்மாதேவி முதலிய பொருநைக்கரை ஊர்களில் பரண்மேல் பழந்தாளும் ஏடும் கிடக்கும் வீடுகள் இன்னும் உளவாகலின், இக்கருத்தை ஆய்ந்து பார்த்தல் நம் கடனாகும்.

முதற்கண் வெறும் பொருட்கணக்காகவே பார்ப்போம். நிலம் விளைவு தரும். வைப்புத்தொகை வட்டி தரும். நூலோ ஒரு காசும் ஈனாது. கறையானுக்கும் ஈரத்துக்கும் காவற்செலவே கேட்கும். பொன்னுக்கு நாள்தோறும் விலை உண்டு. பழந்தமிழ் நூலுக்கோ வாங்குவோன் சொன்னதே விலை. 75 ஆண்டு கடந்த, வரலாற்று இலக்கியச் சிறப்புடைய சுவடிகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதலை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. களவுப்பொருள் கைக்கு வரும் இடரும் உண்டு. 1715-இல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் படியொன்று 2005-இல் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தினின்று காணாமற்போய், 2022-இல் இலண்டனில் இருப்பது கண்டறியப்பட்டது.

கோட்டையூர் உரோசா முத்தையா வாணாளெல்லாம் திரட்டிய, ஏறத்தாழ நூறாயிரம் அளவினவான நூல்களும் இதழ்களும், அவர் 1992-இல் மறைந்தபின், 1994-இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தால் வாங்கப்பெற்றுச் சென்னையிலேயே நூலகமாயின. விலை போயிற்றே, இது முதலீடன்றோ எனின், அன்று. தேர்ந்து திரட்டிய முழுமையே அத்தொகுப்பின் மதிப்பு; ஊதியம் கருதி அங்கொன்றும் இங்கொன்றும் வாங்குவார்க்கு அஃது எய்தாது. அதனைக் காக்க அயல்நாட்டார் வரவேண்டியிருந்தமை தமிழினத்துக்கு நாணந்தருவது.

சேரன்மாதேவியையே எடுத்துக்கொள்க. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகட்குத் தனியே உணவிட்ட கொடுமையை எதிர்த்துப் பெரியாரும் வரதராசுலுவும் மூட்டிய போருக்கு, 1925-ஆம் ஆண்டு இதழ்கள் நேர்ச்சான்று பகர்வன. அவ்விதழொன்று விலையேற்றம் நோக்கி ஒருவன் பேழையுள் பூட்டிக் கிடப்பின் யாருக்கு என்ன பயன்? படிப்பார் கைக்கு எட்டினாலன்றோ அது வரலாறு பேசும்! ஆழ்வார்திருநகரியில் கிடைத்த ஏடு, உ.வே.சா. 1889-இல் அச்சேற்றிய பத்துப்பாட்டுக்கு உதவியதும் உடையவர் அதனை ஊதியத்துக்குரிய சரக்காகக் கருதாமையாலேயே.

ஆகவே தமிழ்மக்களே! பரணில் உள்ளவற்றைப் பழந்தாள் கடைக்கு நிறுத்துப் போடாதீர். ஊதியம் நோக்கிப் பூட்டியும் வையாதீர். படியெடுப்பித்துப் பொது நூலகத்துக்குத் தாருங்கள். வறுமை வருத்தின் விலைக்கே தரலாம்; ஆயின் பிரித்து விற்காமல், முழுத்தொகுப்பாக, நூலகத்துக்கே தருக. செல்வர்கள் முதலிட விழைவாராயின், ஊர் நூலகத்துக்கு இரும்புப் பேழையும் படியெடுக்கும் பொறியும் வாங்கித் தரட்டும். அதன் ஊதியம் அவர்தம் பிள்ளைகட்கும் நம் பிள்ளைகட்கும் ஒருங்கே வந்து சேரும்.