ஒப்பந்தம் போட்டவர் துரோகி, முறிச்சவர் வீரரா?



"ஈரானை நம்பவே முடியாது, சொன்ன வாக்கைக் காப்பாத்த மாட்டாங்க." உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் இந்த ஃபார்வர்டு வந்திருக்கும். அனுப்பினவர்கிட்ட ஒரே ஒரு பேரைச் சொல்லிப் பாருங்க: முகமது ஜவாத் ஸரீஃப்.

அமெரிக்காவுல படிச்சு, டென்வர் பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டம் வாங்கியவர். 2002 முதல் 2007 வரை ஐ.நா.வில் ஈரானின் தூதர். 2013 முதல் 2021 வரை வெளியுறவு அமைச்சர்.

2015 ஜூலை 14, வியன்னா. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, சீனா, ஜெர்மனி ஆகிய ஆறு நாடுகளோட அணு ஒப்பந்தத்தை முடிச்சார். யுரேனியம் செறிவூட்டல் 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கையிருப்பு 300 கிலோவுக்கு மேல போகக் கூடாது. இது 15 வருஷத்துக்கு. சர்வதேச அணுசக்தி முகமை உள்ளே வந்து சோதிக்கலாம். பதிலுக்குப் பொருளாதாரத் தடைகள் நீங்கணும்.

ஈரான் கடைப்பிடிச்சுதா? கடைப்பிடிச்சுது. அப்படிச் சொன்னது ஈரான் இல்ல, அந்த முகமையே சொன்னது.

அப்ப முறிச்சது யார்? 2018 மே 8-ல் டிரம்ப். மறுநாளே தெஹ்ரான் நாடாளுமன்றத்துல கடும்போக்கு உறுப்பினர்கள் ஒப்பந்த நகலைக் கொளுத்தினாங்க. அங்கே முறிச்சாங்க, இங்கே எரிச்சாங்க. எதிரிகள்னு சொல்லிக்கிற ரெண்டு கூட்டமும் ஒரே வேலையைத்தான் செஞ்சது!

மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொல்வோமே, அதுதான் ஸரீஃபோட நிலைமை. 2019 ஜூலையில் அமெரிக்கா அவர் மேலேயே தடை போட்டது. பேச வேண்டிய அமைச்சருக்கே தடை போட்டுட்டு, "ஈரான் பேச வரல"ன்னு புகார் வேற! உள்நாட்டுலயும் அவர் கையைக் கட்டித்தான் வெச்சிருந்தாங்க. 2019 பிப்ரவரியில் சிரிய அதிபர் அசாத் தெஹ்ரான் வந்தது வெளியுறவு அமைச்சருக்கே தெரியல. இன்ஸ்டாகிராம்ல ராஜினாமாவை அறிவிச்சார், அது ஏற்கப்படல. 2021-ல் கசிந்த ஒலிப்பதிவுல, ராணுவம் சொல்றதுதான் நடக்குது, ராஜதந்திரம் அதுக்குப் பலியாகுதுன்னு அவரே புலம்பியிருந்தார்.

அவர் உத்தமர்னு நாம சொல்ல வரல. எவின் சிறைக்குள்ள பத்திரிகையாளர்கள் இருந்தப்பவே, கருத்துக்காக யாரையும் சிறையில அடைக்கறதில்லன்னு 2015-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில சொன்னவர் அவர். அது பச்சைப் பொய். அந்த ஆட்சி சொந்த மக்களுக்குச் செய்யும் கொடுமையை யாரும் பூசி மெழுக வேண்டாம். ஆனா அந்தப் பொய்யைக் காட்டி, ஒப்பந்தத்தை முறிச்சவங்களை நியாயப்படுத்தவும் வேண்டாம்.

பேச்சை முறிச்சதால என்ன கிடைச்சுது? 3.67-ல் நின்ன செறிவூட்டல் 2021-ல் 60 சதவீதத்துக்குப் போச்சு. குண்டைத் தடுக்கிறேன்னு சொன்னவங்க, அதுக்குப் பக்கத்துல ஈரானைக் கொண்டுபோய் விட்டதுதான் மிச்சம்.

"நமக்கென்ன?"ன்னு கேட்பாங்க. ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்தையும் பங்குதாரரா வெச்சு 1965-ல் உருவானதுதான் நம்ம மணலி சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நிறுவனம். 2019 மே மாசம் அமெரிக்கா விலக்கை நிறுத்தினதும், ஈரான்கிட்ட எண்ணெய் வாங்குறதையே இந்தியா நிறுத்திடுச்சு. அதே மாசம் ஸரீஃப் டெல்லி வரைக்கும் வந்து பேசினார். பலன் இல்ல.

2024-ல் புதிய அதிபர் பெசஷ்கியான் அவரைத் துணை அதிபர் ஆக்கினார். அமெரிக்காவுல பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருக்குன்னு காரணம் காட்டிக் குடைச்சல் கொடுத்தாங்க. 2025 மார்ச்சில் வெளியேறினார்.

மூணே மாசம். வியன்னாவுல ஸரீஃப் பக்கத்துல உட்கார்ந்து பேசின அராக்சி, இப்ப வெளியுறவு அமைச்சர். ஜூன் 15-ல் ஓமனில் அடுத்த சுற்றுப் பேச்சு இருந்தது. ஜூன் 13-ல் இஸ்ரேல் தாக்கியது. ஜூன் 22-ல் ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்பஹான் மேல அமெரிக்கக் குண்டுகள். பேச்சுக்குத் தேதி குறிச்சிருந்த வாரத்துலயே பொதுமக்கள் செத்தாங்க.

பேசுறவனைக் கோழைன்னு சிரிக்கிற ஊர்ல, கடைசியில பேச ஆளே இருக்க மாட்டாங்க. அப்புறம் பேசுறது ஏவுகணைதான்.

அந்த ஃபார்வர்டு அடுத்த முறை வந்தா சண்டை போடாதீங்க. "2018 மே 8-ல் என்ன நடந்துச்சு?"ன்னு மட்டும் கேளுங்க.

பகிருங்கள் தோழர்களே!

#பேச்சே_தீர்வு #போர்_வேண்டாம்