வண்டியின் ஜாதகம்

ஒரகடத்தில் 2010-ல் திறக்கப்பட்ட ரெனால்ட்-நிஸ்ஸான் தொழிற்சாலையில் உருவாகி, 2012-ல் விற்பனைக்கு வந்தது 'டஸ்டர்' என்னும் மோட்டார் வண்டி. புகை விதிகள் கடுமையான 2020-ல் அதன் டீஸல் வகை நின்றது. 2022-ல் உற்பத்தியே நின்றது. ஆகவே, இன்று கைமாறி வரும் டீஸல் டஸ்டர் எதுவும் ஐந்து வயதைத் தாண்டியதே.

அதை வாங்கலாமா என்று கேட்கும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: மேனி மினுக்கில் மயங்க வேண்டாம். எஞ்சினுக்குள் வால்வுகளைத் தாளம் தப்பாமல் இயக்குவது டைமிங் பெல்ட் என்னும் ரப்பர் வார். வண்டி கொட்டகையிலேயே நின்றாலும் அந்த வார் வயதினால் நைந்துபோகும். ஓட்டத்தில் அறுந்தாலோ, வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகும். வாரை மாற்றும் செலவு எங்கே, எஞ்சினைச் சீர்செய்யும் செலவு எங்கே!

எத்தனை மைல் ஓடியது என்று கேட்பதோடு நில்லாமல், வார் மாற்றிய ரசீதையும் கேளுங்கள். ரசீது இல்லையேல், மாற்றவில்லை என்றே கொண்டு, அத்தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பழைய வண்டிக்கு ரசீதுக் கட்டுதான் ஜாதகம். பல வருஷச் சேமிப்பைக் கொடுக்குமுன் அதைப் பார்த்துவிடுவது நலம்.