அடுப்படி அரங்கம்: சுடச்சுட ஒரு சூரைமீன் சாண்ட்விச்



சென்ற மாதக் கடிதக் கட்டில் ஒரு மடல் என் நெஞ்சைத் தொட்டது. எழுதியவர் கடலோர ஊரொன்றைச் சேர்ந்த சகோதரி. 11 ஆண்டுகள் கணவருடன் வளைகுடா நாட்டில் வாழ்ந்தவர். கணவர் பணிபுரிந்த இடத்தில் ஆட்குறைப்பு நிகழ்ந்ததால், குடும்பம் நிரந்தரமாக ஊர் திரும்பிவிட்டது.

"அங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு ஊர் இன்னும் ஒட்டவில்லை. பள்ளி விட்டு வந்ததும், ‘உம்மா, அங்கே சாப்பிடுவோமே, பாலாடைக்கட்டி உருகி வழியும் டூனா சாண்ட்விச், அது வேண்டும்’ என்கிறாள். வீட்டில் செய்து பார்த்தேன். ரொட்டி நனைந்து கூழாகியது, பாலாடைக்கட்டி உருகவேயில்லை. ‘இது அது இல்லை, உம்மா’ என்று தட்டை நகர்த்திவிட்டு அழுதாள். டப்பா மீனின் விலையும் முன்போல் எங்கள் கைக்கு எட்டுவதாயில்லை. வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். மடலின் அடியில், பின்னர் நினைவு வந்தாற்போல் ஒரு வரி: "நான் ஆறு மாதக் கர்ப்பிணி. மகளோடு அமர்ந்து நானும் இதை உண்ணலாமா?"

அந்தச் சிறுமி அழுதது வெறும் தின்பண்டத்திற்காக அன்று. விட்டுவந்த வீட்டையும் தோழியரையும் நாவால் தேடுகிறாள். அந்தப் பசிக்கும் அடுப்படியில் இடமுண்டு. ஆகவே இம்மாதம் அவருக்கான பதிலையே அனைவருக்குமாக எழுதுகிறேன்.

டூனா என்பது நமக்கு அந்நியமான மீனன்று. நம் கடற்கரையில் சூரை என்று கூவி விற்கப்படுவது இந்த இனமே. தகரத்தில் அடைத்து விற்கும் முறைதான் மேலைநாட்டார் தந்தது. 1903ஆம் ஆண்டளவில் கலிஃபோர்னியாவில் மத்திமீன் கிடைக்காமற்போக, மத்திக்கென வைத்திருந்த டப்பாக்களில் சூரையை அடைக்கத் தொடங்கினர். அதனுடன் பாலாடைக்கட்டி சேர்த்துச் சூடாக்கிய சாண்ட்விச், ‘டூனா மெல்ட்’ என்னும் பெயரில் அமெரிக்கச் சிற்றுண்டிச் சாலைகளில் பரவியது.

ஆனால் சூரையைக் கெடாமல் காக்கும் கலை தகர டப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றிய பயணி இப்னு பதூதா, அத்தீவினர் இம்மீனைத் துண்டாக்கி, வேகவைத்து, ஓலைக்கூடையில் இட்டுப் புகையில் உலர்த்தி, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் அனுப்பியதைத் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். நம் பாட்டிமார் அம்மியில் தட்டிச் சம்பல் அரைத்த மாசி அதுவே. எனவே மகளிடம், "நீ கேட்கும் மீன் நம் ஊர் மீன்தான்" என்று தயங்காமல் சொல்லலாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

தேவையான பொருள்கள் (4 சாண்ட்விச்சுக்கு):

ரொட்டித் துண்டுகள் - 8
டப்பா சூரை - 185 கிராம் டப்பா ஒன்று
உருகும் பாலாடைக்கட்டி - 100 கிராம், துருவியது
நீர் வடித்த கெட்டித் தயிர் - 3 மேசைக்கரண்டி
சிறிய பெரிய வெங்காயம் - 1, பொடியாக நறுக்கியது
பச்சை மிளகாய் - 1, விதை நீக்கியது
மல்லித்தழை - சிறிதளவு
மிளகுத்தூள் - அரைத் தேக்கரண்டி
எலுமிச்சைச் சாறு - 1 தேக்கரண்டி
வெண்ணெய் - 2 மேசைக்கரண்டி

உப்பு இப்பட்டியலில் இல்லை, மறதியால் விடவில்லை. மீனிலும் பாலாடைக்கட்டியிலும் உப்பு உண்டு. மேலும் சேர்த்தால் கரிக்கும்.

முதலில் டப்பாவைத் திறந்து, மீனை வடிகட்டியில் கொட்டி, கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி, நீரையோ எண்ணெயையோ முற்றாக வடித்துவிடுங்கள். சகோதரியின் ரொட்டி கூழானதற்கு இந்த ஈரமே காரணமாக இருக்கக்கூடும். நறுக்கிய வெங்காயத்தையும் கைப்பிடியில் வைத்துப் பிழிந்துவிட வேண்டும். பின்னர் மீனை உதிர்த்து, வெங்காயம், மிளகாய், மல்லித்தழை, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு சேர்த்து, தயிரைக் கடைசியாக இட்டுப் பிசறுங்கள். கலவை உருண்டை பிடிக்கும் பதத்தில் இருக்கட்டும், தளர்ந்து ஓடக்கூடாது.

மேலைநாட்டார் தயிருக்குப் பதில் மயோனைஸ் சேர்ப்பர். அது பச்சை முட்டையால் செய்யப்பட்டதாயின், நம் வெப்பத்தில் நோய்க்கிருமிகளுக்கு விளைநிலமாகும். இக்காரணத்தாலேயே தமிழக அரசு பச்சை முட்டை மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. துணியில் கட்டித் தொங்கவிட்ட புளிக்காத தயிர், அதே வழவழப்பைத் தரும், செலவும் குறைவு.

அடுத்து, ஒவ்வொரு ரொட்டித் துண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வெண்ணெயை ஓரம்வரை மெல்லப் பூசுங்கள். பூசிய பக்கம் வெளியே வரவேண்டும். உட்பக்கத்தில் முதலில் சிறிது பாலாடைக்கட்டி, அதன்மேல் மீன் கலவை, அதன்மேல் மீண்டும் பாலாடைக்கட்டி, பிறகு மூடும் ரொட்டி. கீழும் மேலும் இடுவதற்குக் காரணமுண்டு: உருகியபின் அதுவே பசையாகி இரு துண்டுகளையும் பிணைக்கும், கலவையின் ஈரம் ரொட்டியில் இறங்காமல் தடுக்கும். ரொட்டியும் முந்தைய நாளையதாயின் சிறப்பு. அன்றைய மென்ரொட்டி அழுத்தும்போது நசுங்கிவிடும்.

தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்கி, தீயைத் தணித்து, சாண்ட்விச்சை வைத்து மூடியால் மூடுங்கள். 3, 4 நிமிடங்களில் அடிப்பக்கம் பொன்னிறமாகும். மெல்லத் திருப்பி, மூடாமல், தட்டையான கரண்டியால் இலேசாக அழுத்தி, மறுபக்கத்தையும் அவ்வாறே சிவக்க விடுங்கள். இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டுக் குறுக்காக வெட்டினால், உருகியது வழிந்தோடாமல் இழை இழையாக நிற்கும்.

தீயைத் தணிக்கச் சொல்வது ஏன்? செடார் போன்ற பாலாடைக்கட்டி ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்கு இளகும். அந்த வெப்பம் ரொட்டியைக் கடந்து உள்ளே செல்ல நேரம் பிடிக்கும். தீ கடுமையானால் ரொட்டி கருகும். உள்ளே இருப்பது குளிர்ந்தே கிடக்கும்.

பாலாடைக்கட்டி உருகாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பனீரைப் பயன்படுத்தினால் எத்துணை நேரம் சுட்டாலும் உருகாது. எலுமிச்சை போன்ற புளிப்பால் திரித்தது அது. உறைபொருளால் திரித்த செடார், மொஸரெல்லா ஆகியவையே இளகும். அட்டைப்பெட்டியில் கட்டியாகவும் தாளாகவும் வரும் பதப்படுத்திய பாலாடைக்கட்டியில் கொழுப்பும் நீரும் பிரியாதிருக்கச் சில உப்புகள் சேர்ப்பதால், அது சீராக உருகும். வளைகுடாவில் வாழ்ந்தோர் மறவாத அந்த நீலநிற டப்பாவில் வந்ததும் இவ்வகையே. ஆகவே சிறுமி நாடும் சுவைக்கு இதுவே நெருக்கமானது.

உறைபொருள் என்றதும் நம் சகோதரிகள் சிலர் ஐயுறுவது இயல்பே. கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டும் உண்டு. நுண்ணுயிர் வழியே பெறுவதும் உண்டு. இந்தியப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்கின் உறைபொருள் சேரவில்லை என்று கொள்ளலாம். வெளிநாட்டுப் பொருளாயின் மேலுறையைப் படித்து வாங்குக.

இனி விலைக்கு வருவோம். கடலோரத்தில் வாழும் சகோதரிக்கு டப்பாவே தேவையில்லை. கால் கிலோ சூரைத் துண்டுகளை மஞ்சளும் சிறிது உப்பும் இட்ட நீரில் 10 அல்லது 12 நிமிடங்கள் வேகவைத்து, ஆறியபின் தோலையும் முள்ளையும் நீக்குங்கள். நடுவில் கருஞ்சிவப்பாக ஓடும் சதையையும் பிரித்துவிடுங்கள். கடுமையான வாடை அதில்தான். அதை மிளகாய் சேர்த்து வறுவலாக்கலாம், வீணாக்க வேண்டா. எஞ்சும் வெளிர்ந்த சதையை உதிர்த்தால் டப்பா மீனுக்கு ஈடாகும். டப்பா ஆலைகளிலும் ஆவியில் வேகவைத்துக் கருஞ்சதையை நீக்கியே அடைக்கின்றனர்.

ஆனால் சூரையில் ஓர் எச்சரிக்கை உண்டு. அதை நான் கற்றது என் வீட்டில், என் தவற்றால்.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் கூடிய ஒரு நாளில், வேலை குறையட்டும் என்று காலையிலேயே மீன் கலவையைப் பிசறி, அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டேன். பிற்பகலில் சுட்டுக் கொடுத்தேன். சுட்டுவிட்டோமே, கேடில்லை என்று எண்ணினேன். அரை மணி நேரத்திற்குள் பிள்ளைகள் இருவரின் முகமும் கழுத்தும் செக்கச் சிவந்தன. தலைவலி, அரிப்பு, நெஞ்சுப் படபடப்பு. மருத்துவர் உடனே மருந்தளித்தார், மாலைக்குள் தெளிந்தனர். "இது ஒவ்வாமை அன்று. வெப்பத்தில் கிடந்த சூரையில் கிருமிகள் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளை உண்டாக்கும். அது உண்டானபின் சுட்டாலும் அழியாது, வேகவைத்தாலும் அழியாது" என்று அவர் விளக்கினார். அன்று அப்பிள்ளைகளின் தாய்மார் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. அந்த அமைதியே எனக்குப் பெருந்தண்டனையாக இருந்தது.

ஆகவே, பச்சைச் சூரையைப் பனிக்கட்டியில் வைத்திருக்கும் வணிகரிடமே வாங்குங்கள். வந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். வாயில் மிளகுபோல் சுரீரென்று காந்தினால் உடனே துப்பிவிடுங்கள். பிசறிய கலவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. 32 பாகையைத் தாண்டும் நம் கோடையில் 1 மணி நேரமே எல்லை. மிஞ்சிய டப்பா மீனைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, 2 நாள்களுக்குள் தீர்த்துவிடுங்கள். உப்பிய டப்பா, கசியும் டப்பா, திறக்கும்போது பீறிடும் டப்பா ஆகியவற்றைச் சுவைத்தும் பாராமல் எறிந்துவிடுக. அதிலிருக்கக்கூடிய நஞ்சு உயிரையே பறிக்கும்.

இறுதியாக, மடலின் அடியிலிருந்த அந்த ஒரு வரி. அதுவே எனக்கு முதன்மையாகத் தோன்றியது.

உண்ணலாம், சகோதரி. கர்ப்பிணிக்கு மீன் நல்லுணவே. ஆனால் சூரையில் பாதரசம் சேர்வதுண்டு. அது கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. மீன் பெரிதாகவும் நெடுநாள் வாழ்ந்ததாகவும் இருந்தால் பாதரசமும் மிகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்குத் தரும் அறிவுரை இது: ஒரு வேளைக்கு ஏறத்தாழ 113 கிராம் என்னும் கணக்கில், பாதரசம் குறைந்த மீன்களை வாரத்துக்கு 2 அல்லது 3 வேளை உண்ணலாம். சிறிய வரிச்சூரையில் செய்யும் ‘லைட் டூனா’ டப்பா இதில் அடங்கும். ‘ஒயிட்’ அல்லது ‘அல்பகோர்’ என்று எழுதிய டப்பாவும், மஞ்சள் துடுப்புடைய பெருஞ்சூரையும் வாரம் 1 வேளையே. அந்த வாரம் வேறு மீன் வேண்டா. பெருங்கண் சூரையை முற்றாகத் தவிர்க்க வேண்டும். மேற்சொன்ன அளவில் ஒரு சாண்ட்விச்சுக்கு 30 கிராம் அளவே மீன் சேரும் என்பதால், வாரம் இருமுறை மகளோடு அமர்ந்து ஒன்றிரண்டு உண்பதற்குத் தடையில்லை. மற்ற நாள்களில் மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்கள் இருக்கட்டும். உங்களைக் கவனிக்கும் மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்தமுறை தனியே சமைத்துத் தட்டில் வைக்காதீர்கள். மகளை அடுப்படிக்கு அழையுங்கள். மீனை அவள் உதிர்க்கட்டும், வெண்ணெயை அவள் பூசட்டும். திருப்புவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். முதல் வாய் உண்டபின், "இது அது இல்லை, உம்மா" என்று மீண்டும் சொல்லவும் கூடும். சொல்லட்டும். "ஆம், இது நம் வீட்டுச் சாண்ட்விச்" என்று மறுமொழி கூறுங்கள். சில காலம் கழித்து, பிறந்திருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ அவளே அதைச் செய்து கொடுப்பாள்.

முடிவை எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.