ஆசை தப்பில்லைங்க, இஎம்ஐ தான் தப்பு

1/ "இருபதாயிரம் சம்பளக்காரனுக்கு லட்ச ரூபாய் ஸ்பீக்கர் எதுக்கு?"ன்னு கேக்குறீங்க. நல்ல இசை என்ன பணக்காரங்களுக்கு மட்டும் எழுதி வெச்ச சொத்தா?

2/ அவர் எப்படி வாங்குறார்னு பாருங்க. ரிப்பேரான பழைய செட்டை மலிவா எடுத்து, ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி, தானே சால்டர் வெச்சு சரிபண்ணி, வித்து, அடுத்ததுக்குப் போறார். இதுல ஊதாரித்தனம் எங்க இருக்கு?

3/ திட்டணும்னா 'வட்டியில்லா' இஎம்ஐ-யைத் திட்டுங்க. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே சொல்லிடுச்சு. வட்டி விலைக்குள்ளயோ ப்ராசசிங் கட்டணத்துலயோ ஒளிஞ்சிருக்கும்.

4/ டாக்டரா ஒண்ணு: உங்க செட்டுலயே விலை உயர்ந்த பார்ட் காதுதான். அதிக சத்தத்துல உள்காது செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. அதுக்கு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டும் இல்ல. வால்யூமைக் குறைங்க.