வரவேற்பறைக்கு இறால்காரி

லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகள், புது வீட்டு ஹாலில் மாட்டுவதற்கு ‘புளூ பாய்’ ஓவியத்தின் நகல் ஒன்றைக் கையால் வரைந்து தரச் சொல்லியிருக்கிறாள். அசலில் பாதி அளவு. மூன்று வாரத்தில் கைக்கு வந்துவிடுமாம். வரைபவர் அனுப்பிய போட்டோவை வாட்ஸ்அப்பில் எனக்குத் தள்ளிவிட்டு, “சித்தப்பா, அச்சு அசலா இருக்குல்ல?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வாரப் பத்தி.

முதலில் ஒன்று. நகல் வாங்குவதில் ஓர் இளக்காரமும் எனக்குக் கிடையாது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உருவப்பட மரபே நகலெடுத்து வளர்ந்ததுதான். ‘புளூ பாய்’ வரைந்த தாமஸ் கெய்ன்ஸ்பரோ, தனக்கு நூறு வருடம் முந்திய வான் டைக்கின் படங்களைத் தன் கையாலேயே நகலெடுத்தவர். அந்தப் பையன் உடுத்தியிருக்கும் நீலப் பட்டு உடைகூட வான் டைக் காலத்து உடை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய கோலத்தை ஆலன் ராம்சே வரைந்தார். அதற்குத் தூதரகங்களிலிருந்தும் குடியேற்ற நாடுகளிலிருந்தும் கேட்பு வந்தபடியே இருக்க, அவருடைய பட்டறையில் உதவியாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நகல்களை வரைந்து தள்ளினார்கள். நடிகை சாரா சிடன்ஸை ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1784இல் வரைந்த பெரிய படத்துக்கு, 1789இல் அவர் பட்டறையிலிருந்தே இரண்டாவது படம் ஒன்று வந்தது. இன்று முதலாவது கலிபோர்னியாவில், இரண்டாவது லண்டன் டல்லிச் காட்சியகத்தில். இரண்டையும் பார்க்க ஜனம் போகிறது.

ஆகவே என் கவலை நகல் என்பதில் இல்லை. எதைப் பார்த்து நகலெடுக்கிறார்கள் என்பதில்தான்.

‘புளூ பாய்’ சுமார் 1770இல் வரையப்பட்டது. கலிபோர்னியாவின் சான் மரினோவில், ஹண்டிங்டன் காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 179க்கு 124 சென்டிமீட்டர். பையன் ஆளுயரத்துக்கு நிற்கிறான், ஒரு கையில் தொப்பி, மறு கை இடுப்பில். தள்ளி நின்றால் பட்டு மின்னும். கிட்டப் போனால் பட்டு என்று எதுவும் இல்லை: கறுநீலம், சாம்பல், வெளிர்நீலம், வெள்ளை என்று அவசரமாக இழுத்த இழுப்புகள், குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள். கெய்ன்ஸ்பரோ ஆறடி நீளக் கம்பில் தூரிகையைக் கட்டிக்கொண்டு வரைவார் என்று அவரை நேரில் கண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தான் தள்ளி நின்று என்ன பார்த்தாரோ, அதையே தள்ளி நின்று வரைந்தவர். அவருக்குப் போட்டியாளராக இருந்த ரெனால்ட்ஸே, அவர் இறந்த 1788இல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் இந்தக் கீறல்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். கிட்டத்தில் தாறுமாறாகத் தெரிவது, உரிய தூரத்தில் எப்படியோ ஒன்றுகூடி உருவமாகிவிடுவதை அவர் வியந்தார்.

இன்று ஆர்டருக்கு வரைபவர் முன்னால் இருப்பது கேன்வாஸ் அல்ல, ஒரு போட்டோ. போட்டோவில் கீறல் தெரியாது, மின்னும் பட்டுதான் தெரியும். அவர் அந்தப் பட்டை வரைகிறார். மெல்லிய தூரிகையால் விளிம்பு விளிம்பாக, இழைத்து இழைத்து. முகம் பீங்கான் பொம்மைபோல வழவழவென்று வந்துவிடுகிறது. என் அண்ணன் மகளுக்கு வந்த படத்தில் நடந்ததும் இதுதான். உழைப்பில் குறையே சொல்ல முடியாது; ஆனால் கெய்ன்ஸ்பரோவின் கை அதில் ஓர் இடத்திலும் இல்லை. படம் பாதியாகும்போது பையனின் முகம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்குகிறது. அகலத் தூரிகையின் ஓர் இழுப்பை யாராலும் பாதியாக்க முடியாது. அந்த அளவில் வரைபவர் வேறு வழியில்லாமல் நுணுக்கி நுணுக்கித்தான் வரைய வேண்டும்.

நிறத்திலும் சிக்கல் உண்டு. 2018 முதல் 2020 வரை ஹண்டிங்டனில், பார்வையாளர் கண்முன்னாலேயே இந்தப் படத்தைச் சுத்தம் செய்தார்கள். மஞ்சளேறிய பழைய வார்னிஷ் நீலத்தைப் பச்சையாகக் காட்டும். சுத்தம் செய்வதற்கு முந்திய போட்டோவை வைத்துக்கொண்டு வரைந்தால், அழுக்கும் சேர்ந்தே நகலாகும். ரெனால்ட்ஸ் படங்களில் இது இன்னும் சங்கடமானது. சதைக்கு அவர் பூசிய சிவப்புச் சாயம் நிலைக்கவில்லை. பல முகங்கள் அவர் காலத்திலேயே வெளுக்கத் தொடங்கின. இன்றைய வெளுப்பை வரைவதா, அன்றைய சிவப்பை மீட்டு வரைவதா? என்னைக் கேட்டால் இன்று இருப்பதை வரைவதே நியாயம். மற்றது ஊகம்.

சரி, என்னதான் வாங்கலாம்? அசல் அளவிலேயே வீட்டுச் சுவரில் அடங்கும் படத்தைத் தேடுங்கள் என்பேன். ஆளுயரப் படங்கள் அரண்மனைச் சுவர்களுக்கானவை. தலையும் தோளும் மட்டும் வரைய அன்றைய ஓவியர்கள் 30க்கு 25 அங்குலக் கேன்வாஸை வாடிக்கையாக வைத்திருந்தார்கள். நம் ஹாலுக்கு அது தாராளம்.

என் மனம் போவது அதைவிடவும் சிறிய ஒன்றிடம். வில்லியம் ஹோகார்த் 1740களில் வரைந்த ‘இறால்காரி’. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, 63.5க்கு 52.5 சென்டிமீட்டர்தான். பிரபு வீட்டுப் பெண் இல்லை, காசு கொடுத்து வரையச் சொன்னவளும் இல்லை. தலைமேல் தட்டு, தட்டில் இறாலும் சிப்பியும், அளந்து கொடுக்க ஓர் அளவுக் குவளை. யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பி, வாய் லேசாகத் திறந்து சிரிக்கிறாள். பின்னணி வெறும் பழுப்பு மெழுக்கு. இறால் எல்லாம் நாலைந்து தீற்றல்கள். ஹோகார்த் இதை விற்கவில்லை. 1764இல் அவர் இறந்தபோதும் அவரிடமேதான் இருந்தது.

என் அண்ணன் மகளுக்கு அந்தக் காட்சியகம் பஸ் தூரம். போட்டோவை நம்பாமல் நேரில் போய் அரைமணி நேரம் இறால்காரி முன் நிற்கச் சொல்லியிருக்கிறேன். அப்புறம் வரைபவரிடம் மூன்று விஷயம் பேச வேண்டும். அசல் அளவு, ஒரு சென்டிமீட்டரும் குறைக்கக் கூடாது. வழவழப்பு வேண்டாம், தூரிகைத் தடம் தெரியட்டும். அச்சடித்த கேன்வாஸ்மேல் பெயின்ட் தடவித் தருவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடட்டும். சுருட்டி அனுப்பினால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, பெரிய உருளையில் சுற்ற வேண்டும். எண்ணெய் வண்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே காயப் பல மாதம் பிடிக்கும். கடைசி வார்னிஷை ஆறு மாதமாவது கழித்துப் பூசிக்கொள்ளலாம். அதுவரை வெயில் நேராக அடிக்காத சுவராகப் பார்த்து மாட்டட்டும், கணப்படுப்புக்கு மேலே மட்டும் வேண்டாம்.