கையொப்பத்திற்கு முன்

வரப்புப் பூசலில் வழக்கறிஞரைத் தேடிப் போகும் உழவன் முதலில் எதனைப் பார்க்கின்றான்? கறுப்பு மேலங்கியையும், கண்ணாடிப் பேழையில் அடுக்கிய தடித்த நூல்களையும், அவர் வாயினின்று பொழியும் ஆங்கிலத்தையும் பார்க்கின்றான். தனக்கு விளங்காத மொழியே வெல்லும் மொழி என மயங்கி, வக்காலத்துத் தாளிலும் ஆங்கில வழக்குரையிலும் ஒப்பமிட்டு மீள்கின்றான். நிலத்தின் நான்கெல்லை பிழையாக எழுதப்பட்டிருப்பின் அதனை உடனே அறியத்தக்கவன் அவன் ஒருவனே. அவனோ படிக்கவில்லை!

தமிழ்நாட்டின் கீழமை முறைமன்றங்களுக்குத் தமிழே மொழியென 1976-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. (உயர் முறைமன்றத்திலும் தமிழ் வேண்டுமென 2006-இல் சட்டமன்றம் விடுத்த வேண்டுகை இன்னும் ஏற்கப்படாமை தனித் துயரம்.) எனவே வழக்குரையைத் தமிழில் எழுதக் கேட்பதற்குக் கூசுவானேன்? எழுதியதைப் படித்துக் காட்டி, "நீங்கள் சொன்னது இதுதானா?" என வினவுபவரே தக்க வழக்கறிஞர். வெற்றி உறுதி என்பாரை நம்பற்க. வென்ற நிலத்திற் பங்கு கேட்பாரோ, இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நெறிமுறையையே மீறுகின்றார்.

பொருளில்லையே எனப் பலர் கலங்குவர். பெண்டிர்க்கும் பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும், வருவாய் நோக்காது, கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்துள்ளது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் எழுதிக் கொடுத்தாற் போதும்.

அமர்த்தியபின் மாற்றிக்கொள்ளலாம் என எண்ணுவோரும் உளர். அஃது எளிதன்று. முன்னவர் இசைவு எழுதித் தரல் வேண்டும். அவர் மறுப்பின் முறைமன்றத்தின் இசைவைப் பெறல் வேண்டும். அதற்குள் எத்தனை தவணைகள் கழியுமோ!