கருவிகள் மட்டும் போதாது!

புற்றுநோய் சிகிச்சை குறித்து நாடாளுமன்றத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் எண்ணிக்கையைச் சுற்றியே அமைகின்றன. கதிர்வீச்சு சிகிச்சைக் கருவிகள் எத்தனை, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு நிதி என்று உறுப்பினர்கள் கேட்கின்றனர். அமைச்சர்கள் பட்டியல் தருகின்றனர். மருத்துவர் நிர்ணயித்த அளவையே அக்கருவிகள் நோயாளிக்குச் செலுத்துகின்றனவா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

கதிர்வீச்சு மிகுந்தால் நல்ல திசுக்கள் சிதையும். குறைந்தால் நோய் மீண்டும் தலைதூக்கும். எனவேதான் 5 சதவீதத்துக்கு மேல் பிறழக் கூடாது என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட வரம்பாக உள்ளது. பிரிட்டனில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகர மருத்துவமனையில் 1982 முதல் 1991 வரை சுமார் ஆயிரம் நோயாளிகளுக்குக் குறைந்த அளவே செலுத்தப்பட்டது. கணினி தானாகவே செய்துவந்த தூரத் திருத்தத்தை ஊழியர்களும் மீண்டும் செய்ததே காரணம். குறைந்த கதிர்வீச்சு புண்ணை உண்டாக்குவதில்லை. ஆகவே தவறு வெளிப்பட ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இத்தகைய பிழையை மருத்துவமனை தானே கண்டறிவது கடினம். வெளியார் சோதனை தேவை. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், கதிர்வீச்சைப் பதிவு செய்யும் சிறு பொதிகளை மருத்துவமனைகளுக்கு அஞ்சலில் அனுப்பி, அவை திரும்பி வந்ததும் அளவைச் சரிபார்க்கிறது. எளிய, செலவு குறைந்த ஏற்பாடு இது.

ஆனால், சோதனையின் பயன் கண்காணிப்பின் வலிமையைப் பொருத்தது. நாட்டிலுள்ள நோயறியும் எக்ஸ்-ரே கருவிகளில் சுமார் 91 சதவீதம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இன்றியே இயங்கியதாக 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 1983-ல் அரசாணை மூலம் உருவான அந்த வாரியத்துக்குச் சட்டத் தகுதி வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதற்கென 2011-ல் அறிமுகமான மசோதா, 2014-ல் மக்களவையுடன் காலாவதியானது. 2025 டிசம்பரில் நிறைவேறிய 'சாந்தி' சட்டத்தின் மூலமே அத்தகுதி கிட்டியது.

அந்தச் சட்டம் குறித்த விவாதம் அணுமின் நிலையங்களிலும் தனியார் முதலீட்டிலும் மையம் கொண்டது இயல்பே. எனினும், அணு உலையை நேரில் காணாத எளிய மக்கள் கதிர்வீச்சை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் மருத்துவமனைதான். ஒவ்வொரு சிகிச்சை மையத்தின் அளவுச் சோதனை முடிவும், மருத்துவ இயற்பியலாளர் பணியிட நிலவரமும் ஆண்டுதோறும் இரு அவைகளிலும் தாக்கல் செய்யப்பட வேண்டும். கருவி வாங்கும் நிதியிலேயே பராமரிப்புக்கும் சோதனைக்கும் பங்கு ஒதுக்க வேண்டும்.

நோயாளியால் கதிரை அளந்து பார்க்க இயலாது. அவர் சார்பில் அளந்து பார்ப்பது அரசின் கடமை; அளக்கப்பட்டதா என்று கேட்பது நாடாளுமன்றத்தின் கடமை.